ஏரோப்ளேன் மோடிலும் சீனா கேட்கும்! - ஆரணி மொட்டைமாடியிலிருந்து ஒரு சிற்றலை கைடு

ஒரு சின்ன சவால். போனில் ஏரோப்ளேன் மோடு போடுங்க. வைஃபையும் ஆஃப். இப்போ, ஆரணியில உங்க வீட்டு மொட்டைமாடியில உட்கார்ந்தபடியே சீனாவுல ஓடுற ஒரு கடிகாரத்தின் 'டிக்... டிக்...' சத்தத்தைக் கேட்க முடியுமா? இன்டர்நெட் கிடையாது, சிம் கிடையாது, சந்தா கிடையாது.

முடியும். சிற்றலை, அதாவது ஷார்ட்வேவ் இருக்கிற ஒரு ரேடியோவும் பத்து மீட்டர் செம்புக் கம்பியும் போதும். சீனாவின் ஷாங்சி மாகாணத்தில் இருந்து பி.பி.எம். என்ற நேர சமிக்ஞை நிலையம் 10,000 கிலோஹெர்ட்ஸில் இரவும் பகலும் விநாடிகளை எண்ணிக்கொண்டே இருக்கிறது. ஆரணியிலிருந்து அந்த இடம் சுமார் 3,900 கி.மீ. ராத்திரி நேரத்தில் இரைச்சலுக்கு நடுவே அந்த 'டிக் டிக்' மெதுவாக மேலே வரும், திடீரென அமுங்கும், மறுபடி வரும். நடுநடுவே ஒரு பெண் சீன மொழியில் நிலையத்தின் பெயரைச் சொல்வார்.

'இதுல என்ன த்ரில்? கூகுள்ல டைம் பார்த்தா முடிஞ்சுது' என்று தோன்றலாம். நியாயம்தான். ஆனால் போனில் தேடினால் கிடைத்தே தீரும். இங்கே அப்படி இல்லை. இன்றைக்குக் கேட்டது நாளைக்குக் கேட்காமல் போகலாம், நேற்றுவரை வராத நாடு இன்றைக்குத் தெளிவாக வரலாம். வானம் மனது வைக்க வேண்டும், நீங்களும் காத்திருக்க வேண்டும். இப்படித் தூரத்து நிலையங்களைத் தேடிப் பிடிக்கும் பொழுதுபோக்குக்கு 'டி.எக்ஸிங்' என்று பெயர். 'டி.எக்ஸ்.' என்பது அந்தக் காலத்துத் தந்திக்காரர்கள் தொலைவைக் குறிக்கப் பயன்படுத்திய சுருக்கெழுத்து.

தறியும் ரேடியோவும்

ஆரணி மாதிரி நெசவு ஊர்களுக்கும் ரேடியோவுக்கும் பழைய உறவு உண்டு. காரணம் ரொம்ப சிம்பிள். குழித்தறியில் உட்கார்ந்தால் கால் மிதியில் இருக்கும், கை நாடாவோடு ஓடும், கண் பாவிலும் ஜரிகையிலும் இருக்கும். சும்மா இருப்பது காது மட்டும்தான். டிவியைப் பார்த்துக்கொண்டு பட்டு நெய்ய முடியாது, இழை அறுந்ததே தெரியாமல் போய்விடும். ரேடியோ கேட்டுக்கொண்டு நெய்யலாம்.

அந்தக் காதுகளை நிறைத்தது யார் தெரியுமா? சென்னையைவிட அதிகமாக, கடல் தாண்டிய கொழும்பு! 1952-ல் மத்திய தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு இடமில்லாமல் செய்தார். சாஸ்திரிய சங்கீதம்தான் மக்களின் ரசனையை உயர்த்தும் என்பது அவர் எண்ணம். ஜனங்கள் என்ன செய்தார்கள்? ரேடியோவின் குமிழைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். ஆரணியிலிருந்து கொழும்பு சுமார் 640 கி.மீ. ஆனால் சிற்றலையில் அது பக்கத்து வீடு. எஸ்.பி. மயில்வாகனனில் தொடங்கி கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது வரை, தமிழ்நாட்டு வீடுகளில் சொந்தக்காரர்கள் பெயரைப் போலப் புழங்கியவை இலங்கை அறிவிப்பாளர்களின் பெயர்கள். கடைசியில் 1957 அக்டோபர் 3-ல் அகில இந்திய வானொலி 'விவித் பாரதி'யைத் தொடங்கி சினிமாப் பாட்டுக்குக் கதவைத் திறந்தது. ஒரு நாட்டின் வானொலிக் கொள்கையையே மாற்றும் அளவுக்கு சிற்றலைக்கு அன்று பலம் இருந்தது.

கொழும்பு மட்டுமல்ல. 1963 ஆகஸ்ட் 1-ல் பீஜிங்கிலிருந்து தமிழ் ஒலிபரப்பு தொடங்கியது. சீனர்களே தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டு சுத்தமான தமிழில் செய்தி வாசித்தார்கள். தமிழ்நாட்டின் சின்னச் சின்ன ஊர்களில் அதற்கென்றே நேயர் மன்றங்கள் இருந்தன. லண்டனிலிருந்து பி.பி.சி. தமிழோசை, மாஸ்கோவிலிருந்து தமிழ் ஒலிபரப்பு, வத்திக்கானிலிருந்து, மணிலாவிலிருந்து என்று நாலு திசையிலிருந்தும் தமிழ் வந்துகொண்டிருந்தது. உங்கள் வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய தாத்தாவோ பாட்டியோ இருந்தால், "சிலோன் ரேடியோ கேப்பீங்களா?" என்று மட்டும் கேட்டுப் பாருங்க. அடுத்த அரை மணி நேரம் நீங்க பேச வேண்டியதே இருக்காது.

வானத்துல ஒரு கண்ணாடி

எஃப்.எம். ஏன் இவ்வளவு தூரம் வருவதில்லை? எஃப்.எம். அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும். பூமி உருண்டை என்பதால் கொஞ்ச தூரத்தில் தரையை விட்டு விலகி, விண்வெளிக்குப் போய்விடும். அதனால்தான் பக்கத்து மாவட்டம் தாண்டினாலே ஸ்டேஷன் மாறிவிடுகிறது.

சிற்றலைக்கு வேறு ரூட். சுமார் 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இந்த அலைகள் மேலே போய் அயனி மண்டலத்தில் பட்டு வளைந்து திரும்பி வரும். சூரியனின் புற ஊதாக் கதிர்கள் காற்றின் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிரித்து உண்டாக்கிய மின்னூட்ட அடுக்கு அது. சுமார் 300 கி.மீ. உயரத்தில் இருக்கும் 'எஃப்' அடுக்குதான் நமக்கு முக்கியமான கண்ணாடி. ஒரு தாவலில் அதிகபட்சம் 4,000 கி.மீ. வரை அலை போகும். தரையிலும் கடலிலும் பட்டு மறுபடி மேலே எழும்பி, அடுத்த தாவல். ஐரோப்பா நமக்குக் கேட்பது இப்படி இரண்டு மூன்று தாவல்களில்தான்.

கீழே 60 முதல் 90 கி.மீ. உயரத்தில் 'டி' அடுக்கு ஒன்று இருக்கிறது. வில்லன் இவர்தான். பகலில் குறைந்த அதிர்வெண் அலைகளை விழுங்கிவிடுவார். சூரியன் மறைந்ததும் ஆள் காணாமல் போய்விடுவார். அதனால்தான் பொழுது சாய்ந்ததும் ரேடியோவில் தூரத்து ஊர்கள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கின்றன.

இதோடு 11 ஆண்டுச் சூரிய சுழற்சியும் சேர்ந்துகொள்ளும். சூரியனில் கரும்புள்ளிகள் அதிகமானால் கண்ணாடி இன்னும் பளிச்சென்று ஆகும், உயர் அதிர்வெண்களும் வெகுதூரம் போகும். தற்போதைய 25-வது சுழற்சி உச்சக் கட்டத்தை எட்டிவிட்டதாக 2024 அக்டோபரில் நாசா அறிவித்தது. ஆனால் சூரியனில் பெரிய வெடிப்பு நடந்தால், பகல் பக்கத்தில் சிற்றலை கொஞ்ச நேரம் மொத்தமாக அடங்கிப்போவதும் உண்டு. ரேடியோ ரிப்பேர் என்று பயந்துடாதீங்க. ரிப்பேர் சூரியன்ல!

இன்னிக்கு நைட்டே ஆரம்பிக்கலாம்

*ரேடியோ:* பரணில் பழைய பிலிப்ஸ், மர்பி, புஷ் ஏதாவது தூங்கினால் முதலில் அதை இறக்குங்க. 'எஸ்.டபிள்யூ.' என்று எழுதியிருந்தால் ஜாக்பாட். புதிதாக வாங்குவதானால், டெக்சன் பி.எல்.330, எக்ஸ்.எச்.டேட்டா டி-808 மாதிரி கையடக்க டிஜிட்டல் ரேடியோக்கள் சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும். 'எஸ்.எஸ்.பி.' வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்க. அது ஏன் என்று பிறகு சொல்கிறேன். போனில் இருக்கும் ரேடியோ எஃப்.எம். மட்டும்தான், இதற்கு உதவாது.

*ஆன்டெனா:* பத்து மீட்டர் மெல்லிய செம்பு வயரை மொட்டைமாடியில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டி, ஒரு முனையை ரேடியோவின் ஏரியலில் கிளிப் பண்ணுங்க. கரன்ட் கம்பிக்குப் பக்கத்தில் போகவே கூடாது. இடி மின்னல் சமயத்தில் கட்டாயம் கழற்றிவிடணும். அப்புறம் ஒண்ணு, ஜரிகையும் உலோகம்தானே என்று வீட்டில் கை வைத்துவிடாதீங்க. பின்விளைவுகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல!

*இரைச்சல்:* சிற்றலையின் இன்றைய பெரிய எதிரி தூரம் கிடையாது, நம் வீட்டு எல்.இ.டி. பல்பும், போன் சார்ஜரும், இன்வெர்ட்டரும்தான். விசைத்தறி மோட்டார் ஓடும் தெருவில் ரேடியோ கரகரவென்று கத்தும். அதனால் வீட்டுக்குள் கேட்காதீங்க, மாடிக்குப் போங்க. ரேடியோவை பேட்டரியில் ஓட்டுங்க. ஊர் முழுக்க கரன்ட் கட் ஆனால் எல்லோரும் முணுமுணுப்பார்கள். டி.எக்ஸர் மட்டும் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடுவார். இரைச்சல் மொத்தமும் அடங்கி, வானம் தெளிவாகக் கேட்கும் நேரம் அதுதான்.

*எங்கே தேடணும்:* இரவில் 49 மீட்டர் (5,900–6,200 கிலோஹெர்ட்ஸ்), 41 மீட்டர் (7,200–7,450), 31 மீட்டர் (9,400–9,900). பகலில் 19 மீட்டர் (15,100–15,800) மாதிரி மேல் வரிசைகள். மாலையும் விடியற்காலையும் இரண்டுக்கும் நடுவே நல்ல வேட்டை நேரம். குமிழை மெதுவாகத் திருப்புங்க. ரீல்ஸ் தள்ளும் வேகம் இங்கே செல்லாது. ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு நிமிஷமாவது நில்லுங்க.

*யார் என்று கண்டுபிடிப்பது:* உலக நிலையங்கள் ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில், அலைவரிசைகளை மாற்றிக்கொள்ளும். எனவே பழைய பட்டியலை நம்பாதீங்க. 'ஷார்ட்-வேவ் டாட் இன்ஃபோ' மாதிரி தளங்களில் அதிர்வெண்ணைப் போட்டால், அந்த நேரத்தில் அங்கே யார் ஒலிபரப்புகிறார்கள் என்று காட்டும். எல்லாமே உலகப் பொது நேரமான யு.டி.சி.யில் இருக்கும். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் கழித்தால் யு.டி.சி. ஆரணியில் இரவு 8 மணி என்றால் அங்கே 14.30.

எஸ்.டபிள்யூ. இல்லாத ரேடியோதான் கையில் இருக்கிறதா? பரவாயில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் மத்திய அலை, அதாவது ஏ.எம். பக்கம் போங்க. பகலில் வராத வெளிமாநில நிலையங்கள் அங்கேயும் வரும்.

'வியூஸ்' இல்லாத உலகம்

யூடியூபில் ஒரு வீடியோவை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அதே நொடியில் தெரியும். சிற்றலையில் அப்படி எதுவுமே தெரியாது. ஆரணி மாடியில் நீங்கள் ஒருவர் கேட்கிறீர்கள் என்பது அந்த நிலையத்துக்குத் தெரிய ஒரே வழி, நீங்களாகச் சொல்வதுதான். அதற்குப் பெயர் 'ரிசப்ஷன் ரிப்போர்ட்'.

என்ன எழுதணும்? தேதி, யு.டி.சி. நேரம், அதிர்வெண், உங்கள் ஊர், ரேடியோ, ஆன்டெனா, என்ன நிகழ்ச்சி கேட்டீர்கள் என்று இரண்டு மூன்று வரி. கூடவே 'சின்போ' என்ற மார்க். சமிக்ஞையின் பலம், மற்ற நிலையங்களின் குறுக்கீடு, இரைச்சல், அலை ஏறி இறங்குவது, மொத்தத் தரம் என ஐந்து விஷயங்களுக்கு 1 முதல் 5 வரை எண். 55555 என்றால் பக்கத்து வீட்டு எஃப்.எம். மாதிரி. 24322 என்றால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். பொய்யாக 5 போடாதீங்க, இன்ஜினீயர்களுக்கு உண்மையான குறைதான் பயன்படும்.

ரிப்போர்ட் சரியாக இருந்தால் நிலையம் 'கியூ.எஸ்.எல்.' கார்டு அனுப்பும். 'ஆமாம், நீங்கள் கேட்டது எங்களைத்தான்' என்று உறுதிசெய்யும் அஞ்சலட்டை. இப்போது பல நிலையங்கள் இ-மெயிலில் அனுப்புகின்றன. தபாலில் அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். வேறொரு நாட்டு ஸ்டாம்ப்போடு உங்கள் பெயருக்கு ஒரு கார்டு ஆரணிக்கு வருகிற நாளில், இந்தப் பழக்கம் ஏன் விடாது என்று புரியும்.

கேட்பது ஓகே... பேசலாமா?

பேசலாம், ஆனால் லைசென்ஸ் வேண்டும். இதுதான் அமெச்சூர் ரேடியோ எனப்படும் 'ஹாம்'. இந்தியாவில் ரேடியோ வளர்ந்ததே ஆர்வலர்கள் கையில்தான். சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முயற்சியில் 1924 மே 16-ல் உருவான மெட்ராஸ் பிரெசிடென்சி ரேடியோ கிளப், அதே ஆண்டு ஜூலை 31-ல் ஒலிபரப்பைத் தொடங்கியது. அகில இந்திய வானொலி என்ற பெயரே அப்போது பிறக்கவில்லை.

மத்திய தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வில் பாஸ் செய்தால், 'வி.யு.' என்று தொடங்கும் அழைப்புக் குறி உங்களுக்கே உங்களுக்கு என்று கிடைக்கும். 12 வயது முடிந்திருந்தால் தேர்வு எழுதலாம். அடிப்படை எலெக்ட்ரானிக்ஸும் விதிமுறைகளும்தான் பாடம். மேல் நிலைக்குத் தந்தி மொழியான மோர்ஸும் வேண்டும். ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம்தான், அவர் குறி வி.யு.2.ஆர்.ஜி.

லைசென்ஸ் தேவைப்படும் வாக்கி டாக்கியை ஆன்லைனில் வாங்கி, லைசென்ஸ் இல்லாமல் பட்டனை அமுக்கிப் பேசுவது குற்றம். கேட்பதற்கும் எல்லை உண்டு. பொது ஒலிபரப்புகளும் ஹாம்களின் பேச்சும் ஓகே, போலீஸ் வயர்லெஸ் பக்கம் போகக் கூடாது. ஹாம்களைக் கேட்க 7,000–7,200, 14,000–14,350 கிலோஹெர்ட்ஸ் பக்கம் போங்க. சாதாரண ரேடியோவில் அவர்கள் குரல் வாத்து கத்துகிற மாதிரி கேட்கும். எஸ்.எஸ்.பி. வசதி இருந்தால்தான் மனிதக் குரலாக மாறும். ரேடியோ வாங்கும்போது அதைப் பார்க்கச் சொன்னது இதற்குத்தான். "சி.க்யூ... சி.க்யூ..." என்று ஒருவர் கூப்பிட்டால், 'யாராவது இருக்கீங்களா?' என்று அர்த்தம். "73" என்றால் வாழ்த்துகள், விடைபெறுகிறேன்.

இது வெறும் பொழுதுபோக்குதானா? 2004 டிசம்பரில் ஹைதராபாத் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் பாரதி பிரசாத், தன் குழுவோடு போர்ட் பிளேருக்குப் போனார். அந்தமானிலிருந்து ஹாம்கள் பேச அனுமதி கிடைப்பது அபூர்வம் என்பதால், உலகம் முழுக்க டி.எக்ஸர்கள் வி.யு.4 என்ற குறியைப் பிடிக்கக் காத்துக்கிடந்தார்கள். டிசம்பர் 26 காலை சுனாமி வந்தது. போன் இணைப்புகள் அறுந்தன. தூரத்து நண்பர்களோடு பேசக் கொண்டுபோன அதே கருவிகளில், தீவில் இருந்தவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்ற தகவல் இந்தியாவுக்குப் போனது. வேட்டைக்காகக் கட்டிய ஆன்டெனா, அன்றைக்குத் தீவுக்கும் தாய்நிலத்துக்கும் நடுவே கயிறாக நின்றது.

ரேடியோவே இல்லையா? போன் இருக்கே!

நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தின் 'வெப் எஸ்.டி.ஆர்.' தளத்தைப் பிரவுசரில் திறந்தால், அங்கே இருக்கும் நிஜ ரிசீவரை உங்கள் விரலால் திருப்பலாம். அலைகள் எப்படி இருக்கும், எஸ்.எஸ்.பி. என்றால் என்ன என்று பழக இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் நீங்கள் கேட்பது நெதர்லாந்தின் வானத்தை. ஆரணி வானத்தைக் கேட்க ஆரணியில் ஒரு கம்பி வேண்டும்.

இன்னொரு சூப்பர் விஷயம். சுமார் 400 கி.மீ. உயரத்தில், 90 நிமிடத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையம் அவ்வப்போது 145.800 மெகாஹெர்ட்ஸில் படங்களை ஒலியாக அனுப்பும். அந்த அலைவரிசையைப் பிடிக்கும் ரிசீவரின் ஸ்பீக்கர் பக்கத்தில் போனை வைத்து 'ரோபோ 36' ஆப்பைத் திறந்தால், கீச்சுக் கீச்சென்ற சத்தம் வரி வரியாகப் படமாக மாறும். நம் இஸ்ரோவும் 2005 மே 5-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஹாம்களுக்கென்றே 'ஹாம்சாட்' என்ற செயற்கைக்கோளை அனுப்பியது.

ஏன் இப்பவே?

ஏனென்றால் நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கின்றன. ஒரு பெரிய டிரான்ஸ்மிட்டரை ஓட்டும் கரன்ட் பில் பயங்கரம், கேட்பவர்கள் எத்தனை பேர் என்றும் தெரியாது. பட்ஜெட் குறையும்போது முதல் வெட்டு சிற்றலைக்குத்தான். 1941-ல் தொடங்கிய பி.பி.சி. தமிழ் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-ஓடு நின்றுபோனது. அன்றைக்குக் கடைசி முறையாகக் கேட்டவர்களில் பலர், சிறுவயதிலிருந்தே அதைக் கேட்டு வளர்ந்தவர்கள்.

ஆனால் 2022 மார்ச்சில், உக்ரைன் போர் தொடங்கியதும் அதே பி.பி.சி. அந்தப் பகுதிக்காகப் புதிதாக இரண்டு சிற்றலை அலைவரிசைகளைத் திறந்தது. செல் டவரை இடிக்கலாம், இன்டர்நெட்டை ஒரு ஸ்விட்ச்சில் நிறுத்தலாம். வேறொரு நாட்டிலிருந்து வானத்தில் பட்டு வரும் குரலை நிறுத்துவது அவ்வளவு சுலபம் இல்லை. நீங்கள் கேட்டதை யாரும் பதிவு செய்யவும் மாட்டார்கள்.

அதனால் இன்று இரவு மாடிக்குப் போகும்போது ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கோங்க. 10,000-ல் அந்தச் சீனக் கடிகாரத்தைத் தேடுங்க. கேட்டால் உங்கள் செட்டப் சரியாக இருக்கிறது. அப்புறம் 31 மீட்டரில் மெதுவாக நகருங்க. முதலில் யார் பெயர் காதில் விழுகிறதோ, தேதி, நேரம், சின்போ போட்டு எழுதி, மறுநாளே ரிப்போர்ட்டை அனுப்பிவிடுங்க. அந்த அலைவரிசையை நிறுத்தலாமா வேண்டாமா என்று அங்கே யாராவது யோசித்துக்கொண்டிருந்தால், ஆரணியில் ஒருவர் கேட்கிறார் என்பதாவது அவர்களுக்குத் தெரியட்டும்.

தாத்தாவையும் மாடிக்குக் கூட்டிப்போங்க. அந்த இரைச்சல் அவருக்குப் பழக்கமானதுதான்.